பட்டாளத்தார் வீடு திரும்பட்டும்

(வானொலி மறையுரை. நற்செய்தி: மாற்கு 5:1-20)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு கடலைக் கடந்து கெரசேனர் பகுதிக்குப் போகிறார். அவர் படகைவிட்டு இறங்கியதும் எதிரே வருகிற மனிதரைக் கொஞ்சம் மனக்கண்ணால் பாருங்கள். அவருக்கு வீடு இருக்கிறது. வீட்டில் உறவினர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் குடியிருப்பது கல்லறைகளில், இறந்தவர்களின் நடுவில். இரவும் பகலும் கூச்சலிட்டுக்கொண்டு திரிகிறார். கல்லை எடுத்துத் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறார். ஊரார் சங்கிலியால் கட்டிப் பார்த்தார்கள். அறுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு, அந்தப் பக்கம் போகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, ஊர் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கும்.

இயேசு அவரிடம் பெயரைக் கேட்கிறார். 'இலேகியோன்' என்று பதில் வருகிறது. அது உரோமைப் பட்டாளத்துச் சொல். ஏறக்குறைய 5,000 முதல் 6,000 வீரர்கள் கொண்ட படைப்பிரிவுக்கு அந்தப் பெயர். ஒரே மனிதருக்குள் ஒரு பட்டாளமே முகாம் போட்டிருக்கிறது.

இந்தப் பகுதியைப் பல ஆண்டுகள் நான் பேயோட்டும் புதுமையாக மட்டுமே விளக்கி வந்தேன். ஒரு பழைய பட்டாளத்தாரோடு பழகிய பிறகுதான், இதில் வேறொன்றும் இருப்பது எனக்குத் தெரிந்தது. முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போர்முனையிலிருந்து திரும்பி மனம் நொந்து வாழ்கிறவர்களைப் பேய் பிடித்தவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. யாரும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு இருப்பது நோய். ஆனால் கல்லறையில் குடியிருப்பது, தூங்காதிருப்பது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, ஊர் ஒதுக்கிவைப்பது என்ற இந்த நான்கும் நம் ஊர்களில் இன்றும் நடக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்லப்பட்டது எதுவும் இதில் இல்லை. அவர் வீட்டுத் திண்ணையில் பேசியவை இவை. "இன்னொருத்தருக்கு உதவும்னா சொல்லுங்க சாமி" என்று அவரே அனுமதி தந்திருக்கிறார்.

அவரை ஊரில் எல்லாரும் 'பட்டாளத்தார்' என்றுதான் சொல்வார்கள். 1984-இல் இராணுவத்தில் சேர்ந்து, 17 ஆண்டுகள் பணிசெய்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பிறகு பக்கத்து டவுனில் ஒரு ஏ.டி.எம். வாசலில் இரவுக் காவல் வேலை. இரவு வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிறு திருப்பலிக்கு வருவார். கடைசி வரிசைக்கும் பின்னால், கதவை ஒட்டி, சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பார். "முன்னால இடம் இருக்கு, வந்து உட்காருங்க" என்று நான் பீடத்திலிருந்தே கூப்பிட்டிருக்கிறேன். வரமாட்டார். திருவிழாவின் பத்து நாளும் அவர் ஊரில் இருப்பதில்லை. கொடியேற்றத்துக்கு முந்தின நாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பட்டாளத்தாருக்குச் சாமியும் வேண்டாம், ஊரும் வேண்டாம் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு தவக்காலத்தில் குடியைப் பற்றி மறையுரை வைத்தேன். 'மிலிட்டரி கேண்டீன் பாட்டிலை வாங்கிவந்து வீட்டையே சாராயக்கடை ஆக்குகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள்' என்று சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் கோயிலில் பாதிப் பேர் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். ஒரு மனசாட்சியைத் தொட்டுவிட்டோம் என்று அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

அன்று மாலை அவருடைய மனைவி பங்கு இல்லத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சாமி, நீங்க சொன்னது பொய்யின்னு சொல்ல வரல. அவரு குடிக்கிறது நெசந்தான். ஆனா சந்தோசத்துக்குக் குடிக்கல சாமி. தூங்கறதுக்குக் குடிக்கிறாரு."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஆட்டோ டயர் வெடித்தால்கூட அவர் தரையில் விழுந்து படுத்துவிடுவாராம். திருவிழா நாள்களில் ஊரைவிட்டுப் போவது வேட்டுச் சத்தத்துக்காக. சுவரோரம் நிற்பது, முதுகுக்குப் பின்னால் ஆள் இருந்தால் தாங்க முடியாது என்பதற்காக. திருமணமான மூன்றாம் ஆண்டு, தூக்கத்தில் முனகுகிறாரே என்று இவர் தோளைத் தொட்டு எழுப்பியிருக்கிறார். கண் திறக்காமலே அவர் கை இவர் கழுத்தைப் பிடித்துவிட்டது. விழித்துப் பார்த்ததும் கையை விட்டுவிட்டு, விடியும்வரை முற்றத்தில் உட்கார்ந்து அழுதாராம்.

"அன்னையிலேருந்து நான் அவரத் தொட்டு எழுப்புனதே இல்ல சாமி. வாசப்படியில நின்னுகிட்டு, 'ஏங்க, நான்தான், நம்ம வீட்லதான் இருக்கோம்'னு மெதுவாச் சொல்லுவேன். ரெண்டு மூணு தடவ சொன்னா முழிச்சிக்குவாரு."

இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரு பெண் வாசற்படியில் நின்று இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பங்கின் குருவாகிய எனக்குத் தெரியாது. அன்பியக் கூட்டத்துக்குத் தெரியாது. பக்கத்து வீட்டாருக்குச் சண்டைச் சத்தம் மட்டும் தெரியும்.

நான் அவரைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். நான்கைந்து முறை போன பிறகுதான் அவர் பேசத் தொடங்கினார்.

1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அமைதி காக்கப் போன நம் படை, சில மாதங்களிலேயே போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் திரும்பி வரும்வரை ஏறக்குறைய 1,200 இந்தியப் படைவீரர்கள் அங்கே இறந்தார்கள். ஈழத்துத் தமிழ் மக்கள் இழந்தது அதைவிட எவ்வளவோ அதிகம். அந்த மக்களின் கண்ணீரைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. அந்தக் கண்ணீருக்கு நடுவில் நம் பட்டாளத்தாரும் இருந்தார். அப்போது அவருக்கு 23 வயது.

"எங்க பிரிவுல தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான் சாமி. வீட்டச் சோதன போடப் போனா, நான்தான் மொதல்ல கதவத் தட்டணும். உள்ளேருந்து அம்மாமாருங்க வந்து கும்புடுவாங்க. 'தம்பி, என்ர பிள்ளைய விடுங்கோ'ன்னு கேப்பாங்க. எங்க அம்மா கேக்குற மாதிரியே இருக்கும். அத நான் இந்தியில மாத்தி ஆபீசர்கிட்டச் சொல்லணும். மாத்திச் சொன்னா அதுல ஒண்ணுமே மிஞ்சாது சாமி."

இன்னொன்றும் சொன்னார். அவரோடு ஒரே கூடாரத்தில் இருந்த பஞ்சாப் இளைஞர் கண்ணிவெடியில் இறந்துபோனார். அன்று அந்த வண்டியில் போக வேண்டியவர் இவர். காய்ச்சல் என்று படுத்துவிட்டார். "காய்ச்சல் பெருசா ஒண்ணும் இல்ல சாமி. எந்திரிச்சுப் போயிருக்கலாம்" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் காய்ச்சலை அவர் அளந்துகொண்டே இருக்கிறார்.

கடைசிப் பிரிவு கப்பலேறித் திரும்பியபோது, சென்னையில் நடந்த வரவேற்பில் மாநில முதல்வர் கலந்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் ஓர் இனத்தின் வலி இருந்தது. அதை நான் தீர்ப்பிடப் போவதில்லை. ஆனால் வரவேற்பே இல்லாமல் வீட்டுக்கு வந்த அந்தத் தமிழ் இளைஞர் தன் வலியை யாரிடம் சொல்வார்? ஊரில் சொன்னால், 'நம்ம சனத்தையே அடிக்கப் போனவன்தானே' என்பார்கள். படையில் சொன்னால் கோழை என்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டாம் தவற்றைச் செய்தேன். "அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்க ஐயா. மறந்துடுங்க. தினமும் ஜெபமாலை சொல்லுங்க, சரியாயிடும்" என்றேன். அவர் "சரிங்க சாமி" என்றார். அடுத்த ஞாயிறிலிருந்து கோயிலுக்கு வரவில்லை.

செவிலியர் பணி செய்யும் ஓர் அருள்சகோதரியிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "கால் ஒடிஞ்சு ஒருத்தர் வந்தா, மறந்துடுங்கன்னு சொல்லி அனுப்புவீங்களா ஃபாதர்?"

அன்பர்களே, ஆபத்து நேரத்தில் நம் உடல் விழித்துக்கொள்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. காது கூர்மையாகிறது. தூக்கம் ஓடிவிடுகிறது. கடவுள் நம் உடலில் வைத்த காவல் அது. போர்முனையில் அதுதான் உயிரைக் காப்பாற்றுகிறது. ஆபத்து நீங்கியதும் காவல் இறங்கி உடல் ஓய்வுக்கு வர வேண்டும். சிலருக்கு அது இறங்குவதில்லை. வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தாலும் உள்ளே காவல் நடக்கிறது. நடந்து முடிந்தவை, இப்போதே நடப்பதுபோலக் கண்முன் வருகின்றன. கெட்ட கனவுகள், திடீர்க் கோபம், யாரோடும் ஒட்டாமை, மகிழ்ச்சியே இல்லாமல் மரத்துப்போன மனம் எல்லாம் அதிலிருந்து வருகின்றன. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் என்று மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். 1915-இல், முதல் உலகப் போரின்போது, இதற்கு 'ஷெல் ஷாக்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தார்களே தவிர, எல்லாரையும் நோயாளியாக நடத்தவில்லை. கோழைத்தனம், படையைவிட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காகப் பிரித்தானியப் படை தன் வீரர்களையே சுட்டுக் கொன்றது. அவர்களில் 306 பேருக்கு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களில் சிலருக்காவது இந்த நோய் இருந்திருக்கும் என்று இன்று ஒப்புக்கொள்கிறார்கள். வியட்நாம் போருக்குப் பிறகு, 1980-இல், அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

பட்டாளத்திலிருந்து வருகிற எல்லாருக்கும் இது வருவதில்லை. பெரும்பாலானவர்கள் நலமாகவே வாழ்கிறார்கள். வந்தவர்களுக்கும் மருத்துவம் உண்டு. பயிற்சி பெற்றவர்களிடம் முறையாகப் பேசுவது, தேவைப்பட்டால் மாத்திரை என்ற இரண்டுமே பலருக்குப் பலன் தருகின்றன.

சண்டையே பார்க்காதவர்களுக்கும் ஒரு சிரமம் உண்டு. நம் சிப்பாய்கள் பலர் நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். ஆண்டுக்கொரு முறை விடுமுறையில் வந்து போனவர், ஒருநாள் பெட்டியோடு வந்து தங்கிவிடுகிறார். அதற்குள் வீடு அவர் இல்லாமலே நடக்கப் பழகியிருக்கிறது. ரேஷன் கடை, பள்ளிக்கூடம், வங்கி எல்லாம் மனைவி கையில். பிள்ளைகள் 'அம்மாகிட்டக் கேளுங்க' என்கிறார்கள். நேற்றுவரை பத்துப் பேருக்குக் கட்டளையிட்டவர், இன்று தன் வீட்டிலேயே விருந்தாளி. மனதில் ஏற்கெனவே காயமும் இருந்தால் இது எவ்வளவு வலிக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி, நம் திருச்சபைக்கே உரிய ஒரு பகுதிக்கு வருகிறேன். நம் பட்டாளத்தாருக்கு அச்சம் மட்டும் இருக்கவில்லை. குற்ற உணர்வும் இருந்தது. மாத்திரை அச்சத்தைக் குறைக்கும். 'நான் செய்தது சரியா?' என்ற கேள்விக்கு மாத்திரை பதில் சொல்லாது. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பசிலியார் இதை அறிந்திருந்தார். போரில் கொல்வதைக் கொலையாக நம் முன்னோர் எண்ணவில்லை என்று சொன்ன அவரே, போரில் கொன்றவர்கள் மூன்று ஆண்டுகள் நற்கருணை வாங்காமல் இருப்பது நல்லது என்றும் ஆலோசனை சொன்னார். இன்று நமக்கு இது கடுமையாகத் தோன்றலாம். இன்றைய திருச்சபை அப்படிக் கேட்பதில்லை. ஆனாலும் அதற்குள் ஓர் இரக்கம் இருக்கிறது. 'உனக்கு ஒன்றும் ஆகவில்லை, போய் வேலையைப் பார்' என்று அவர் சொல்லவில்லை. உன்மேல் ஏதோ படிந்திருக்கிறது, அது நீங்கக் காலம் வேண்டும், நீங்கும்வரை சபை உனக்காகக் காத்திருக்கும் என்கிறார்.

ஒரு வீரன் போரில் இறந்தால் அவனுக்கு நடுகல் நட்டது நம் தமிழ் மரபு. உயிரோடு திரும்பியவனுக்கு என்ன செய்வது என்பதுதான் நமக்குத் தெரியவில்லை. ஆகஸ்ட் 15-இலும் ஜனவரி 26-இலும் பொன்னாடை போர்த்துகிறோம். மற்ற 363 நாள்கள்?

நம் புனிதர்களில் இருவரை நினைத்துப் பாருங்கள். 1521 மே மாதம் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தவர் இஞ்ஞாசியார். மனம் மாறி, மன்ரேசாவில் செபத்தில் இருந்த நாள்களில், பழைய பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் அவருக்கு அமைதி கிடைக்கவில்லை. தாம் தங்கியிருந்த அறையில் இருந்த பெரிய குழியில் குதித்து உயிரை விட்டுவிடலாம் என்ற சோதனை அடிக்கடி வந்ததாக, பிற்காலத்தில் அவரே தம் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். இயேசு சபையை நிறுவிய புனிதரே இதை மறைக்கவில்லை. நாம் ஏன் மறைக்க வேண்டும்?

மற்றவர் புனித இறை யோவான். அவரும் இரண்டு போர்களுக்குப் போய்வந்த படைவீரர். கிரனாதா நகரில் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தவர், ஒரு மறையுரையைக் கேட்டு மனம் கலங்கி, தெருவில் கதறிக்கொண்டு ஓடினார். பைத்தியம் என்று அரச மருத்துவமனையில் அடைத்தார்கள். கட்டிவைத்துச் சாட்டையால் அடிப்பதுதான் அன்றைய மருத்துவம். அவருடைய கலக்கம் போரால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே அடிபட்டவர் வெளியே வந்து, அடிக்காத ஒரு மருத்துவமனையை நோயாளிகளுக்காகத் தொடங்கினார். அந்த மறையுரையை வைத்தவர் அவிலா நகர் யோவான். தம் மறையுரையைக் கேட்டு ஒருவர் நொறுங்கிப்போனதை அறிந்தவர் விட்டுவிடவில்லை. அவருக்குத் துணையாக நின்று வழிகாட்டினார். இது எனக்கே வைத்த பாடம் என்று எடுத்துக்கொண்டேன்.

அருள்சகோதரியின் உதவியோடு, பட்டாளத்தாரை மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். "என்னப் பைத்தியம்னு எழுதிருவாங்களா சாமி?" என்று வழியெல்லாம் கேட்டார். எழுதவில்லை. மருத்துவர் முதலில் அவர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். அடுத்து எந்தெந்த இடத்தில் பணி என்று கேட்டார். முப்பது ஆண்டுகளில் அதை அவரிடம் கேட்ட முதல் மருத்துவர் அவர்தான். ஆண்டவர் அந்தக் கல்லறை மனிதரிடம் பெயரைக் கேட்டது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறை பாதியில் நிறுத்தினார். பிறகு மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. குடி குறைந்தது. ஒருநாள் தாமாகவே ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வந்தார். அங்கே பேசியது ஆண்டவருக்கும் அவருக்கும் உரியது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்குச் சில வார்த்தைகள்.

பட்டாளத்திலும் காவல் படைகளிலும் பணிசெய்து திரும்பியிருக்கிற சகோதரர்களே, உங்களுக்கு வந்திருப்பது கோழைத்தனம் இல்லை. நீங்கள் கெட்டவர் என்பதற்கு அடையாளமும் இல்லை. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது 'டெலி மானஸ்' என்ற அரசு மனநல உதவி எண். எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இ.சி.எச்.எஸ். அட்டை வைத்திருப்பவர்கள், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் போகிற அதே மருத்துவரிடம் தூக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.

மனைவிமார்களே, பிள்ளைகளே, நீங்கள் தனியாகச் சுமந்தது போதும். அவர் கையால் உங்களுக்கு ஆபத்து என்றால், பாதுகாப்பான இடத்துக்குப் போவது பாவம் இல்லை. பொறுத்துப் போ என்று சொல்லி எந்தக் குருவும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. இன்னொன்று. நாள்தோறும் அதிகம் குடிக்கிறவரை, மாதா பேரில் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். பல ஆண்டுக் குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் துணையோடு நிறுத்தட்டும். சத்தியத்தை அதோடு சேர்த்துச் செய்யட்டும்.

யாராவது 'நான் இருந்து என்ன பயன்' என்று பேசத் தொடங்கினால், பேச்சை மாற்றாதீர்கள். 'உயிரை விடுற நினைப்பு வருதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பேச ஓர் ஆள் கிடைத்தது என்று மனம் இறங்கும். அவரைத் தனியாக விடாதீர்கள். மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். காவல் நிலையம், வழக்கு என்று பயந்து மறைக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டனை கூடாது, கவனிப்பு தர வேண்டும் என்கிறது. ஏற்கெனவே ஒருவரை அப்படி இழந்துவிட்ட குடும்பங்களே, கடுமையான மன நோயும் வேதனையும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்று நம் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள். உங்களைக் குறைசொல்கிறவர்கள் திருச்சபையின் பெயரால் பேசவில்லை.

பங்கு மக்களே, கெரசேனர் ஊரில் நடந்ததைக் கவனியுங்கள். அந்த மனிதர் ஆடை உடுத்தி, தெளிந்த மனதோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஊராருக்கு மகிழ்ச்சி வரவில்லை; அச்சம் வந்தது. ஏறக்குறைய 2,000 பன்றிகள் கடலில் போன கணக்கும் அவர்கள் மனதில் இருந்திருக்கும். இயேசுவையே ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். ஒருவர் குணமாவதற்கு ஊரும் கொஞ்சம் இழக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பங்கில் நாங்கள் இழந்தது சிறியதுதான். திருவிழா வேட்டைக் கோயில் வாசலிலிருந்து குளத்தங்கரைக்கு மாற்றினோம். எந்த நேரத்தில் எத்தனை வேட்டு என்று முதல் நாளே அறிவித்தோம். கடைசி வரிசையில் சுவரோரம் ஒரு நாற்காலி போட்டோம். யாரும் அதைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை என்று பேசி வைத்தோம். 'வேட்டு இல்லாம என்ன திருவிழா' என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஒரு பெரியவர்தான், "எதுக்கு சத்தம் போடுறோம்? சாமி வீட்டுக்கு வர்றதுக்குத்தானே? இந்த மனுசனும் வரட்டுமே" என்று சொல்லி முடித்துவைத்தார்.

குணமான மனிதர் இயேசுவோடு படகில் ஏற விரும்பினார். ஆண்டவர் சம்மதிக்கவில்லை, வீட்டுக்கு, அவருடைய உறவினரிடம், திருப்பி அனுப்பினார். புதுமை படகுத்துறையில் முடிந்துவிடவில்லை. கல்லறையில் கிடந்தவர் தம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகிறபோதுதான் முடிகிறது. அந்த வாசலைத் திறந்து வைப்பதை ஆண்டவர் ஊராரிடம், அதாவது நம்மிடம் விட்டிருக்கிறார்.

நான் அந்தப் பங்கிலிருந்து மாற்றலாகி வருமுன் நடந்த கடைசித் திருவிழாவைச் சொல்லி முடிக்கிறேன். பட்டாளத்தார் வழக்கம்போலப் பையோடு கிளம்பிப் போயிருந்தார். தேர்ப்பவனி அன்று இரவு, குளத்தங்கரையில் வேட்டுகள் எல்லாம் ஓய்ந்த பிறகு, தேர் தெரு முனையில் திரும்பும்போது பார்த்தேன். கூட்டத்துக்கெல்லாம் பின்னால், கடைசி ஆளாக, அவர் நடந்து வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி. அவர் கையை இவர் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம ஊர்லதான் இருக்கோம் சாமி."

செபிப்போமாக. இரக்கமுள்ள ஆண்டவரே, போர்முனைகளிலிருந்து திரும்பியும் இன்னும் வீடு வந்து சேராத எம் சகோதரர்களை நினைத்தருளும். அவர்களுடைய இரவுகளுக்கு ஓய்வு தாரும். அவர்களால் இறந்தவர்களுக்கும், அவர்களோடு இறந்தவர்களுக்கும் நிலைவாழ்வு தாரும். வாசற்படியில் நின்று காத்திருக்கும் மனைவியரையும் பிள்ளைகளையும் தேற்றியருளும். கேட்கும் காதும், தீர்ப்பிடாத நாவும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.